மடித்த நிலையில் ஒரு வீடு

சிவபாதத்துக்கு ஒரு தறப்பாளைப் பிடித்துப்போனது. பிடித்ததை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தீங்கில்லை. அவர் அதைச் சபையில் சொல்ல ஆசைப்பட்டார்.

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் அவர் பாமசி வைத்திருக்கிறார். ஓவியம், சிற்பம் என்று ஒரு நாளும் அலைந்தவரல்ல. கடைச் சுவரில் மருந்துக் கொம்பனி கொடுத்த கலண்டர் தொங்கும். அதிலும் ஈரலின் படம்.

துறைக்கு அப்பால் குறிஞ்சாக்கேணியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போன இடத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் போனது. ஒட்டுப் போட்டு முடியும்வரை நிற்க நிழல் தேடியவர் பக்கத்து ரியூசன் கொட்டிலுக்குள் நுழைந்தார். வாங்குகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கூரை வளையிலிருந்து ஒரு நீலத் தறப்பாளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கூரைக்குப் பதிலாக மேலே கட்ட நிவாரணத்துக்குக் கொடுக்கும், மழை இறங்காத பிளாஸ்டிக் தறப்பாள். மூலையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் எழுத்து அரைவாசி அழிந்து கிடந்தது. அதன்மேல் கறுப்பு நூலால் ஒரு வீட்டைத் தைத்திருந்தார்கள். சின்னதாக ஒரு வீட்டுப் படம் அல்ல. ஆள் நுழையக்கூடிய உயரத்தில் கதவு. கதவுக்கு அங்கால் குசினி. குசினியில் அலுமாரி, அலுமாரித் தட்டில் கவிழ்த்த கோப்பைகள். ஒரு கோப்பைக்குக் காது இல்லை. சுவரில் மீற்றர்ப் பெட்டி. கதவு நிலைக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில், ஒரு சுவிச்.

சிவபாதம் கையை நீட்டிச் சுவிச்சைப் போடப் போனார். விரலில் நூல் பட்டபிறகுதான் நினைவு வந்தது.

மூலையில் ஒரு பெண் வாங்கில் உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் அதத்தான் போடப் பாக்குற," என்றாள். "ஒரு மௌலவி ரெண்டு தரம் போட்டுப் பாத்தாரு."

அவள்தான் நுஸ்ரத். தைத்தவள். மூதூரிலிருந்து சண்டையில் இடம்பெயர்ந்து வந்த காலத்தில் அவளுடைய குடும்பம் அந்தத் தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தது. விட்டுவிட்டு வந்த வீட்டை உம்மா சொல்லச் சொல்ல இவள் தைத்திருக்கிறாள்.

"கடைசியாத் தெச்சது அந்தக் காது உடஞ்ச கோப்ப," என்றாள். "மறுகா உம்மா மௌத்தாகிட்டா. இனிக் கேட்டுத் தெக்க ஆளில்ல. இவ்வளவுதான் வீடு."

சிவபாதம் அந்தக் கோப்பைக்குக் கிட்டப் போனார். ஒட்டுப் போட்டவன் வந்து கூப்பிடும்வரை நின்று பார்த்தார்.

அதன்பிறகு பாமசிக்கு வந்தவர்கள் மருந்தோடு அந்த வீட்டையும் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பிறசருக்கு வந்தவரிடம் கைத்தொலைபேசியில் படத்தைப் பெருப்பித்துக் காட்டினார். இருமலுக்கு வந்தவரிடம், "நான் கையை நீட்டிப் போட்டனான்," என்றார். சிலர் வேறு பாமசிக்குப் போகத் தொடங்கினார்கள். வீட்டிலும் அதே கதைதான். மனைவி பூரணம் ஒரு நாள் பொறுமை இழந்தாள்.

"குசினி பல்பு எரிஞ்சு போய் ஒரு கிழமை. அதை மாத்த ஆளில்லை. தைச்ச சுவிச்சைப் போடத் துறை கடந்து போறார்."

"நீர் ஒருக்காப் பார்த்தா இப்பிடிக் கதைக்கமாட்டீர்."

"எங்க பார்க்கிறது? உங்கட போனிலயோ? அது மழைக்கு மூடின லொறி மாதிரிக் கிடக்கு."

அது அவருக்குப் பட்டது. போனில் பார்த்தால் லொறிதான். விரித்துத் தொங்கவிட்டு முன்னால் நின்று பார்க்க வேண்டும். பூரணம் பார்க்க வேண்டும். ஊர் பார்க்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் மாவட்ட ரசனை மேம்பாட்டுச் சபை ஆண்டு விழா நடத்துகிறது. தலைப்பு: 'எனக்குப் பிடித்த சமகாலக் கலைஞர்'. பொதுமக்கள் தமக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி மேடையில் பேசலாம். படைப்பையும் காட்சிக்கு வைக்கலாம்.

சிவபாதம் குறிஞ்சாக்கேணிக்கு ஓடினார்.

"அந்தச் சபையா?" என்றாள் நுஸ்ரத். "எனக்கு வேணா அண்ணே. ஒருக்காப் போன. கலைஞர் எண்டு சொல்லக் கதிர தந்தாங்க. மறுகா ஆரோ பெரியாள் வந்த எண்டு கதிரய எடுத்துட்டாங்க."

"நீர் ஒண்டும் செய்ய வேண்டாம் பிள்ளை. நான் கதைக்கிறன். என்ரை கையால கொண்டு போய் என்ரை கையால திருப்பித் தருவன்."

அவள் தறப்பாளில் ஒரு நூல் முனையை நீவிவிட்டாள்.

"விரிச்சுத்தான் காட்டணும். ஒரு பொட்டு நூல் போனாலும் எனக்குத் திரும்பத் தெக்க ஏலாது."

"விரிச்சுத்தான்," என்றார் சிவபாதம்.

சபை அலுவலகத்தின் முன்மேசையில் தனுஷிகா என்ற பெண் இருந்தாள். மரியாதையான பிள்ளை. எழுந்து நின்று கதிரையைக் காட்டினாள்.

"ஆர் உங்கட கலைஞர், ஐயா?"

"நுஸ்ரத். குறிஞ்சாக்கேணி."

"காலமாகிட்டாவோ?"

"இல்லை. இருக்கிறா."

தனுஷிகா பேனாவை மூடினாள்.

"இருக்கிற ஆக்களெண்டா கொஞ்சம் கரைச்சல். போன முறை ஒருத்தரைப் பாராட்டினனாங்கள். அவர் மேடையில ஏறிப் பதில் சொல்லிப் போட்டார்."

"சமகாலக் கலைஞர் எண்டுதானே போட்டிருக்கிறியள்?"

"எங்கட சுற்றறிக்கைப்படி சமகாலம் எழுபத்தேழில முடிஞ்சிட்டுது, ஐயா. அதுக்குப் பிறகு வந்ததுகளை என்னெண்டு சொல்றதெண்டு இன்னும் முடிவில்லை. குழு கூடேல்லை."

"ஏன் கூடேல்லை?"

"குழுவில ரெண்டு பேர் காலமாகிட்டினம்."

அவர்களைப் பற்றி யாரும் பேச முன்வந்தால் உடனே இடம் கிடைக்கும் என்றும் சொன்னாள். சிவபாதம் தலையாட்டவில்லை. விசேட அனுமதிக்கு வழி இருக்கிறதாம். முதலில் ரசனைப் பயிற்சிக்கு வர வேண்டும்.

பயிற்சியை நடத்தியவர் நிப்றாஸ். ரசனை உத்தியோகத்தர். வெளிநாடு போய் ரசிக்கப் படித்தவர். சபைக்குச் சொந்தமாக நல்ல ஓவியங்கள் உண்டு. அவை களஞ்சிய அறையில் இருக்கின்றன. சாவி முன்னாள் செயலாளரிடம். முன்னாள் செயலாளர் கனடாவில். எனவே பயிற்சிக்கு ஒரு வெறும் சட்டத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். சட்டத்துக்குள் சுவரின் ஈரக்கசிவு தெரிந்தது.

"முதல்ல தூரம்," என்றார் நிப்றாஸ். "பிறகு தலை. வலப்பக்கம் சாயுங்க. இடப்பக்கம் சாய்ஞ்சா விளங்கேல்ல எண்ட மாதிரித் தெரியும். மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. சத்தம் வேணாம். சத்தம் வந்தா அது ஆசை. ரசனை இல்ல."

எல்லோரும் வரிசையில் போய் ஈரக்கசிவின் முன்னால் தலையைச் சாய்த்தார்கள். ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவருக்குக் கண் கலங்கியது. நிப்றாஸ் மற்றவர்களை அவரைப் பார்த்துப் பழகச் சொன்னார்.

சிவபாதத்தின் முறை வந்தபோது தன் கதையைச் சொன்னார். கதவு, அலுமாரி, கோப்பை, சுவிச்.

"தொட்டீங்களா?"

"ஓம். போடப் போனனான்."

"அத எடுத்துருவம். 'ஒளியை நோக்கி என் உள்ளம் நகர்ந்தது' எண்டு வைப்பம். தொட்டது நீங்களும் அல்லாஹ்வும் அறிஞ்சாப் போதும்." அவர் எழுதிக்கொண்டார். "சரி, இது முஸ்லிம் கலைஞர். மத்த ரெண்டு பேரும் ஆரு?"

"எந்த ரெண்டு பேர்?"

"ஒரு தமிழ், ஒரு சிங்களம். மூண்டு பேரையும் ஒரே அளவில பிடிக்கணும். ஒராளக் கூடப் பிடிச்சா மேல இருந்து கேப்பாங்க."

"எனக்கு வேற ஒருத்தரையும் தெரியாதே, சேர்."

"தெரியத் தேவையில்ல. பிடிச்சாப் போதும். பேரச் சபை தரும்."

சிவபாதம் கொஞ்சம் யோசித்தார்.

"நான் தமிழ் ஆள். எனக்கு ஒரு முஸ்லிம் பிள்ளையின்ர வேலை பிடிச்சிருக்கு. அது காணாதோ?"

நிப்றாஸ் கெட்டவரல்ல. கேள்வியை உண்மையாகவே எடுத்து யோசித்தார்.

"அது உங்கட சொந்த விசயம்," என்றார் கடைசியில். "நல்லிணக்கம் சொந்த விசயமில்ல."

படைப்பைப் பரிசீலிக்கும் நாளில் சிவபாதம் தறப்பாளை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நுஸ்ரத்தும் கூட வந்தாள். சபை மண்டபத்தில் தொங்கவிட இடமில்லை. சுவர் முழுக்க முன்னாள் தலைவர்களின் படங்கள். நிலத்தில் விரித்தார்கள். தலைவர் பாக்கியரத்தினம் உறுப்பினர்கள் சூழ வந்து, சுற்றி நடக்க வசதியில்லாததால், நேரே நடந்து குசினிக்குள் போய் நின்றார்.

"சேர், செருப்பு," என்றாள் நுஸ்ரத்.

"பரவாயில்லைப் பிள்ளை. நான் பார்த்துத்தான் நிற்கிறன்." கோப்பைகளின்மேல் நின்றபடி குனிந்து பார்த்தார். "இது எந்த இடத்து வீடு?"

"மூதூர். எங்கட வீடு."

"இப்ப ஆர் இருக்கினம்?"

"வீடே இல்ல சேர். தரமட்டம்."

தலைவர் உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார்.

"அப்ப இது இல்லாத வீடு. கற்பனை. கற்பனை எண்டு போடுங்கோ."

உறுப்பினர்கள் தங்கள் கருத்துகளைச் சொன்னார்கள். வீட்டில் ஒருவரும் இல்லாதது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார் ஒருவர். முற்றத்தில் ஒரு மயிலைத் தைத்தால் நல்லது. இன்னொருவருக்கு நிறம் பிடிக்கவில்லை. மூன்றாமவர் சட்டம் படித்தவர். நிவாரணப் பொருளை நிவாரணத்துக்கு மட்டுமே பாவிக்கலாம், அதில் வீடு தைத்தது முறைகேடு, ஆனால் வீடில்லாதவர் தைத்திருப்பதால் நிவாரணம் என்றும் கொள்ளலாம், இது ஆராய வேண்டிய விடயம் என்றார். ஆராய்ந்தார்கள். தேநீர் வந்தது. தேநீரை நின்ற இடத்திலேயே குடித்தார்கள். நுஸ்ரத் அவர்கள் கையிலிருந்த கோப்பைகள் ஒவ்வொன்றும் சரியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

முடிவைத் தலைவரே அறிவித்தார்.

"மடித்த நிலையில் காட்சிப்படுத்த அனுமதிக்கிறம்."

சிவபாதத்துக்கு விளங்கவில்லை. "மடிச்சா வீடு தெரியாதே, சேர்?"

"அதுதான் தம்பி. விரிச்சா வீடு தெரியும். வீடு தெரிஞ்சா ஆர் உடைச்சதெண்டு கேள்வி வரும். நாங்கள் கலைக்கு எதிரானவையில்லை. கலை இருக்கட்டும். மடிச்சு இருக்கட்டும். மடிச்ச ஒண்டை வெறுக்கிற ஆளை நான் இந்த மாவட்டத்தில கண்டதில்லை."

நுஸ்ரத் குந்தியிருந்து தறப்பாளைச் சுருட்டத் தொடங்கினாள். சிவபாதமும் குந்தினார்.

"பிள்ளை, திருப்பிக் கொண்டு போகாதையும். மேடையில மைக் என்ரை கையிலதானே? கதைக்கேக்க நானே இறங்கி வந்து விரிப்பன். சனத்துக்கு முன்னால என்ன செய்யப் போகினம்?"

"விரிப்பீங்களா?"

"விரிப்பன்."

அவள் சுருட்டியதை அவர் கையில் கொடுத்தாள். பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

விழா கார்த்திகையில், உள்துறைமுகத்துக்கு அருகே ஒரு திடலில் நடந்தது. மேடைக்குக் கூரை இருந்தது. சனத்துக்கு வானம். பிரதம அதிதி பிந்தித்தான் வந்தார். அவருக்கு மாலை போட்டார்கள். அவரை வரவேற்றவருக்கும் மாலை போட்டார்கள். மங்கள விளக்கின் திரிகளைவிட ஏற்ற வேண்டியவர்கள் கூடுதல் என்பதால், ஏற்றிய திரியை ஊதி அணைத்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். மேடையோரத்தில் மேசை வைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் தறப்பாளை மடித்துப் பொலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கும் மாலை. பொதுமக்கள் வரிசையாகப் போய்த் தலையை வலப்பக்கம் சாய்த்தார்கள்.

"என்ன ஆழம்!" என்றார் ஸ்ரேசன் மாஸ்ரர்.

பூரணமும் வந்திருந்தாள். பையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள்.

"இதுவோ?"

"பொறும். விரிக்கேக்க பாரும்."

நுஸ்ரத் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். கதிரை இல்லை.

தலைவர் பாக்கியரத்தினம் பேச எழுந்தார்.

"கலைஞர்கள் வருவார்கள், போவார்கள்," என்றார். "சிலர் பசியால் போவார்கள், சிலர் கப்பலேறிப் போவார்கள். அதைப்பற்றி நாம் கவலைப்பட முடியாது. ரசனைதான் நிலையானது. அதைக் காப்பாற்றத்தான் இந்தச் சபை. முன்பு இந்த மாவட்டத்தில் யாரும் எதையும் பிடித்திருக்கிறது என்று வாயில் வந்தபடி சொல்லக்கூடிய நிலைமை இருந்தது. இன்று அந்த நிலைமை இல்லை. அதையிட்டு நான் பெருமைப்படுகிறேன். எங்களிடம் களஞ்சியம் நிறைய ஓவியங்கள் உள்ளன. ஒருவர்கூட அவற்றைக் குறைகூறியதில்லை. ஏனெனில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. ஒரு பொது நிறுவனத்துக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும்?"

பலத்த கைதட்டல். பிரதம அதிதியும் தட்டினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

சிவபாதத்தின் கையில் மைக் வந்தபோது வானம் கறுத்துவிட்டது. சபை தந்த தாளை முதலில் வாசிக்க வேண்டும். மற்ற இரண்டு பெயர்களையும் குழு கடைசிவரை தீர்மானிக்கவில்லை. அவர் உள்ளபடியே வாசித்தார்.

"பெயர் பின்னர் அறிவிக்கப்படவுள்ள சிங்களக் கலைஞரின் படைப்பைக் கண்டு நான் மெய்மறந்தேன். பெயர் பின்னர் அறிவிக்கப்படவுள்ள தமிழ்க் கலைஞரின் படைப்பைக் கண்டும் அதே அளவு மெய்மறந்தேன்."

ஸ்ரேசன் மாஸ்ரர் தலையைச் சாய்த்தார். சிவபாதம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொண்டையைச் செருமினார். கடைசி வரிசைக்குப் பின்னால் நுஸ்ரத் ஓரடி முன்னால் வந்ததை அவர் கண்டார்.

"குறிஞ்சாக்கேணியில ஒரு வீடு பார்த்தனான்," என்று தொடங்கினார்.

மழை துறைமுகப் பக்கமிருந்து ஒரே அடியாக வந்தது. சனம் கதிரைகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடியது. மைக்கை யாரோ அணைத்தார்கள். பிரதம அதிதி எழுந்தார். அவருக்கு வேறொரு விழா இருந்தது, வாகனமோ திடலின் அந்தப் பக்கம் நின்றது. இருந்த ஒரே குடையோடு அவருடைய பாரியார் முன்னே போய்விட்டார். தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண் மேசையில் நின்றது.

"விரியுங்கோ!" என்றார்.

நிப்றாஸ் மாலையைக் கழற்றினார், பொலித்தீனைக் கிழித்தார். வீடு விரிந்தது.

"சேர், அது அந்தப் பிள்ளையின்ர..." என்றார் சிவபாதம்.

"உங்களுக்குத்தானே கூடப் பிடிச்சது? முன் மூலையைப் பிடியுங்கோ. நீங்கள் உயரம்."

வேறு ஆள் பிடித்தால் இழுத்துக் கிழித்துவிடுவான் என்று சிவபாதம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிடித்தார். நிப்றாஸ் மற்ற முன்மூலையையும், பின்னால் இரண்டு உறுப்பினர்கள் மிச்சத்தையும் பிடித்தார்கள். சுவாமி வீதி வலம் வரும்போது மேற்கட்டி பிடித்துப் போவதுபோல் மேடையிலிருந்து இறங்கினார்கள். நடுவில் பிரதம அதிதி நடந்தார். தலைவர் குனிந்து பக்கத்தில் நடந்தார்.

கதவும் அலுமாரியும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. கீழே இருந்தவர்களுக்கு முடிச்சுகள் மட்டும் தெரிந்தன. திடலின் நடுவுக்கு வருமுன் ஒழுகத் தொடங்கியது. ஊசி போன இடமெல்லாம் தண்ணீர் இறங்கியது. கதவின் ஓரமாக ஒரு வரிசை, அலுமாரித் தட்டு நெடுக இன்னொரு வரிசை. பிரதம அதிதியின் தோளில் கோப்பை கோப்பையாக நனைந்தது.

"என்ன இது, முழுக்க ஓட்டை?"

"இந்தப் பிள்ளையள் தைக்கிறம் எண்டு குத்திப் பழுதாக்கிப் போட்டினம், சேர்," என்றார் தலைவர். "அடுத்த முறை தைக்காத ஒண்டாப் பார்த்து எடுப்பம்."

பின்னால் பிடித்திருந்தவர் சேற்றில் வழுக்கினார். எங்கோ நூல் அறுந்த சத்தம் கேட்டது. சிவபாதம் நிமிர்ந்து பார்த்தார், எது என்று தெரியவில்லை. நீரின் பாரத்தால் அவருடைய பக்கம் கீழே சரிந்தது.

வாகனத்துக்குப் போகும் வழியில் நுஸ்ரத் நின்றாள். அவள் ஓடவில்லை, தலையைக்கூட மூடவில்லை. சிவபாதம் வாயைத் திறந்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த மூலையைப் பார்த்தாள்.

"உசத்திப் பிடிங்க அண்ணே," என்றாள். "அவருக்கு நனையுது."

சிவபாதம் உயர்த்திப் பிடித்தார்.